கோடையில் மூச்சு முட்டும் புல்: கோல்ஃப் மைதானத்தில் ஏன் ஓட்டை போடுறாங்க?

இந்த வாரக் கதை கோல்ஃப் மைதானத்தில் நடக்குது. உடனே ஸ்கிப் பண்ணிடாதீங்க. எனக்கும் கோல்ஃப் விளையாடத் தெரியாது. தண்ணி லாரிக்காகக் காத்திருந்து வளர்ந்த சென்னைப் பையனுக்கு, அத்தனை ஏக்கர் பச்சையைப் பார்த்தா முதல்ல எரிச்சல் தான் வரும். ஆனா இது விளையாட்டைப் பற்றிய கதை இல்லை. காலுக்குக் கீழே இருக்கிற புல்லைப் பற்றிய கதை.

மூணு வருஷம் முன்னாடி ஆன்சைட் வேலைக்காக அட்லாண்டா போயிருந்தேன். ஜூலை மாசம். டீம் அவுட்டிங்னு ஒரு சனிக்கிழமை எங்களை ஒரு கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வெயில் நம்ம ஊர் வெயில், புழுக்கமும் நம்ம ஊர் புழுக்கம். முதல் குழி இருக்கிற இடத்துக்கு வந்ததும் எங்க மேனேஜர் முகம் தொங்கிப் போச்சு. தரை முழுக்க ஓட்டை. சுண்டுவிரல் நுழையிற அளவுக்கு, ரெண்டு அங்குலத்துக்கு ஒண்ணா, வரிசை வரிசையா ஆயிரக்கணக்கில். மேலே மணல் வேற கொட்டி வெச்சிருந்தாங்க. "காசு வாங்கிட்டு மைதானத்தை நாசம் பண்ணி வெச்சிருக்காங்க" என்று அவர் புலம்ப ஆரம்பிச்சார்.

ஓரமா வேலை பார்த்துட்டு இருந்த ஒரு பெரியவர் கிட்ட, ஏன் இப்படின்னு சும்மா கேட்டேன். அவர் குனிந்து, இயந்திரம் பிடுங்கிப் போட்ட ஒரு மண் துண்டை எடுத்துக் கையில் கொடுத்தார். சாக்பீஸ் மாதிரி உருண்டையா இருந்தது. மேலே பச்சை, அதுக்குக் கீழே ஒரு அங்குலத்துக்குக் கருப்பா, ஈரமா, பஞ்சு மாதிரி ஏதோ. மோந்து பார்க்கச் சொன்னார். லேசா சாக்கடை வாசம். அந்த வாசத்துக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலான சண்டை இருக்குன்னு ராத்திரி ரூமுக்கு வந்து படிக்க ஆரம்பிச்சப்போ தான் தெரிஞ்சது.

முதல்ல ஒரு விஷயம். கோல்ஃப்ல 'கிரீன்' என்று சொல்றது முழு மைதானத்தையும் இல்லை. குழியைச் சுற்றி, பந்தைத் தட்டி உருட்டி விடுறதுக்காக வளர்க்கிற சின்னத் தரை தான் கிரீன். அங்கே புல்லை இன்னைக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுறாங்க. உணவு தயாரிக்கிறதுக்குப் புல்லுக்கு இருக்கிற ஒரே தொழிற்சாலை இலை. அதைத் தினமும் வெட்டி, மேலே நாள் முழுக்க ஆட்களை நடக்க விட்டு, அப்புறமும் "சாகாதே"ன்னு அதுகிட்ட கேட்கிறோம்.

இந்த விளையாட்டு பிறந்த ஸ்காட்லாந்தில் இது பெரிய பிரச்சினையா இல்லை. அங்கே மைதானங்கள் கடலோர மணல்மேடுகள். மழை பெய்தா தண்ணி சர்ருன்னு கீழே இறங்கிடும். கோடையும் குளிர்ச்சி தான். அங்கே டாம் மோரிஸ்னு ஒருத்தர் இருந்தார். 1821இல் பிறந்தவர், கோல்ஃப் உலகம் முழுக்க 'ஓல்ட் டாம்' என்று அழைக்கும் ஆள். முதல்ல பிரெஸ்ட்விக், அப்புறம் 1860களின் நடுவில் இருந்து 1903 வரைக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தின் காவலர். பிரெஸ்ட்விக்கில் ஒரு நாள் அவருடைய தள்ளுவண்டி கவிழ்ந்து கிரீன்ல மணல் கொட்டியதாகவும், கொஞ்ச நாள் கழிச்சு அந்த இடத்தில் மட்டும் புல் செழிப்பா வந்ததாகவும் ஒரு கதை சொல்வாங்க. கதை எப்படியோ, புல் மேல் மணல் தூவுவதை அவர் வழக்கமாக்கினார் என்பது உண்மை. இன்னொரு வழக்கமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் கோல்ஃப் கிடையாது. அது மைதானத்துக்கு ஓய்வு நாள். பெரிய போட்டிகள் நடக்கிற சில நாட்களைத் தவிர இன்றைக்கும் அப்படித்தான்.

மணல், ஓய்வு. இந்த ரெண்டையும் விட்டுட்டு இந்த விளையாட்டு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிச்சு. அங்கே இருந்தது களிமண். ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரி வெயில், கூடவே இடி மழை. ஐரோப்பாவில் இருந்து கொண்டு வந்த பென்ட் புல்லை அங்கே விதைச்சாங்க. குளிர்நாட்டுப் புல் அது. கோடை வந்ததும் திட்டுத் திட்டாகச் செத்தது.

இந்த இடத்தில் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு ஆள் வர்றார். ஹியூ வில்சன். ஃபிலடெல்ஃபியாவில் இன்ஷூரன்ஸ் தொழில் செய்தவர். 1912இல் திறந்த மெரியன் மைதானத்தை வடிவமைச்ச குழுவின் தலைவர். புல் ஏன் சாகுதுன்னு அவருக்குப் புரியல. நேரா அமெரிக்க வேளாண் துறைக்குக் கடிதம் எழுதினார். அங்கே இருந்த சார்லஸ் பைப்பர், ரஸ்ஸல் ஓக்லி என்ற ரெண்டு விஞ்ஞானிகள் பதில் போட்டாங்க. மாட்டுத் தீவனப் புல்லை ஆராய்ச்சி பண்றவங்க அவங்க. வருஷக்கணக்கா அந்தக் கடிதப் போக்குவரத்து நடந்தது. இன்னைக்கு நாம ஒரு பக் வந்தா ஃபோரம்ல கேள்வி போட்டு யாராவது பதில் சொல்ல மாட்டாங்களான்னு காத்திருப்போமே, அதே தான். பைப்பரும் ஓக்லியும் 1917இல் கோல்ஃப் புல்தரை பற்றித் தனிப் புத்தகமே எழுதினாங்க. 1920இல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் 'கிரீன் செக்‌ஷன்' என்று புல்லுக்காகவே ஒரு பிரிவை ஆரம்பிச்சது. வில்சன் 1925இல், 45 வயசுலேயே இறந்துட்டார்.

நடுவில் முதல் உலகப் போர். பென்ட் விதை பெரும்பாலும் தெற்கு ஜெர்மனியில் இருந்து தான் வந்துட்டு இருந்தது. போர் வந்ததும் சப்ளை கட். சரி, இருக்கிற புல்லிலேயே நல்லதைத் தேடுவோம்னு பழைய கிரீன்களில் அலைஞ்சு, கோடையைத் தாங்கி நின்ன திட்டுகளைப் பெயர்த்து எடுத்து, தலைநகர் பக்கத்தில் ஆர்லிங்டன் என்ற இடத்தில் நட்டு வளர்த்தாங்க. வாஷிங்டன், மெட்ரோபாலிட்டன் என்ற ரகங்கள் இந்தத் தேடலில் வந்தவை. அந்த ஆராய்ச்சித் தோட்டம் இப்போ இல்லை. அந்த நிலத்தை 1940களின் தொடக்கத்தில் பென்டகனுக்காக எடுத்துக்கிட்டாங்க.

ஆனா அந்தக் காலத்து ஆட்கள் எதிரியை இலையில் தான் தேடினாங்க. கோடையில் பழுப்பு வட்டம் வட்டமா வர்ற பூஞ்சை நோய்க்குப் பாதரச உப்புகளைக் கரைச்சுத் தெளிச்சாங்க. ஆமாங்க, பாதரசம். பல பத்தாண்டுகள் ஓடிச்சு அந்த வழக்கம். பூஞ்சை அடங்கும், ஆனா அடுத்த கோடையில் புல் திரும்பச் சாகும்.

சரி, உண்மையில் என்ன தான் நடக்குது? நிதானமா பார்ப்போம், ஏன்னா இது தான் கதையோட முடிச்சு.

வேரும் மூச்சு விடும். அதுக்கு ஆக்சிஜன் வேணும். நல்ல மண்ணில் பாதி அளவு வெற்றிடம் தான். அதில் ஒரு பங்கு காற்று, ஒரு பங்கு தண்ணீர். மேலே ஆட்கள் நடந்து நடந்து மண் இறுகும்போது முதலில் நசுங்குவது காற்று இருக்கிற பெரிய இடைவெளிகள். மழை பெய்தா மிச்ச இடைவெளியும் தண்ணியால் நிரம்பிடும். தண்ணிக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதை விடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. அதாவது மேலே ஊர் முழுக்கக் காற்று இருக்கு, ரெண்டு அங்குலம் கீழே வேர் மூச்சுத் திணறுது.

இதில் வெயிலைச் சேருங்க. சூடு ஏற ஏற வேருக்கு மூச்சு அதிகமா வாங்கும், ஆக்சிஜன் தேவை கூடும். கிடைக்கிறதோ குறையும். மண்ணின் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்தா பென்ட் புல்லின் வேர் வளர்வதை விடச் சாவது அதிகம். வசந்தத்தில் ஆழமா இருந்த வேர் ஆகஸ்டில் ஒரு அங்குலமா சுருங்கி நிற்கும். அப்போ ஒரு மத்தியானம், மண் சொதசொதன்னு ஈரமா இருக்கும்போதே புல் வாடும். தண்ணியில் நின்னுக்கிட்டே தாகத்தில் சாகுது. அதைப் பார்த்துப் பதறிப்போய் இன்னும் தண்ணி விட்டா, கதை முடிஞ்சது.

அனுபவம் உள்ளவங்க அந்த நேரத்தில் தண்ணி விட மாட்டாங்க. குழாயைப் பிடிச்சு, வாசல் தெளிக்கிற மாதிரி இலை மேல் மட்டும் லேசாத் தெளிப்பாங்க. அது ஆவியாகும்போது இலை குளிரும், மண்ணுக்கு ஒண்ணும் போகாது. ஒரு கோடை மத்தியானத்தில் ரெண்டு மூணு தடவை கூட அப்படித் தெளிக்க வேண்டி வரும்.

கீழே காற்று போகணும்னா ஓட்டை போட்டாகணும். முள்கரண்டி மாதிரி கருவியால் குத்துவது ரொம்ப நாளா இருந்த பழக்கம் தான். ஆனா கூர்மையான கம்பியால் குத்தினா என்ன ஆகும்? ஓட்டை வரும், ஆனா சுற்றி இருக்கிற மண் இன்னும் இறுகும். மண்ணை வெளியே எடுக்கணும். 1946இல் பென்சில்வேனியாவில் டாம் மஸ்காரோ என்பவர் அதுக்கு ஒரு இயந்திரம் செய்தார். சுழலும் உருளையில் வளைந்த கரண்டிகள். உருளும்போது கரண்டி மண்ணுக்குள் போய், ஒரு பிடி மண்ணை வாரி வெளியே போட்டுட்டு வரும். அதுக்கு அவர் வெச்ச பெயர் 'ஏரிஃபையர்'. ஏரிஃபிகேஷன் என்று இன்னைக்கு எல்லாரும் சொல்ற வார்த்தை அந்த வணிகப் பெயரோட ஒட்டி வந்தது.

போர் முடிஞ்ச நேரம் அது. அமெரிக்காவில் கோல்ஃப் கூட்டம் பெருகப் போற நேரம். ஐசன்ஹோவர் 1954இல் வெள்ளை மாளிகைத் தோட்டத்திலேயே கிரீன் போட்டுக்கிட்டார்னா பாருங்க. டி.வி.யில் ஆர்னால்ட் பால்மர் வந்தார். சொல்லப்போனா அவர் அப்பாவே ஒரு மைதானத்தில் புல் பராமரிச்சவர். கால்கள் கூடக் கூட மண் இறுகிச்சு, அதோட ஓட்டை போடும் தேவையும் கூடிச்சு. அப்புறம் தையல் மெஷின் ஊசி மாதிரி நேரா இறங்கி ஏறும் குழாய்களோடு இயந்திரங்கள் வந்தது. நான் அட்லாண்டாவில் பார்த்தது அது போட்ட வேலை தான்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு, எஞ்சினியர் புத்தி விடாது. அரை அங்குல விட்டமுள்ள ஓட்டையின் பரப்பு 0.196 சதுர அங்குலம். ரெண்டு அங்குல இடைவெளின்னா ஒவ்வொரு ஓட்டைக்கும் 4 சதுர அங்குல இடம். வகுத்தா 4.9 சதவீதம். மைதானமே நாசம் என்று என் மேனேஜர் புலம்பினாரே, நாசமானது நூறில் ஐந்து பங்கு. வருஷத்துக்கு 15 முதல் 20 சதவீதம் வரைக்கும் மண்ணை மாத்தச் சொல்வது நீண்டநாள் பரிந்துரை. ஒரு தடவை செய்தா போதாது.

மண்ணையே மாத்திட்டா என்னன்னு நீங்க கேட்கலாம். அதையும் செய்தாங்க. மார்வின் ஃபெர்குசன் தலைமையில் டெக்சாஸில் நடந்த ஆராய்ச்சிக்குப் பிறகு, 1960இல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் ஒரு ஸ்பெக் வெளியிட்டது: கீழே வடிகால் குழாய், மேலே ஜல்லி, அதுக்கு மேலே ஓர் அடிக்கு மணல் கலவை. ஸ்காட்லாந்தின் மணல்மேட்டை டிசைன் பண்ணிக் கட்டுற மாதிரி. நல்ல டிசைன் தான், இன்னைக்கும் ஓடுது. ஆனா புல் சும்மா இருக்குமா? செத்த வேரும் தண்டும் மேல் அங்குலத்தில் சேர்ந்துக்கிட்டே போகும். என் கைக்கு வந்த அந்தக் கருப்புப் பஞ்சு அது தான். மணலுக்கு மேல் ஒரு ஸ்பாஞ்ச் உட்கார்ந்தா, அடியில் எவ்வளவு நல்ல வடிகால் இருந்தும் பயனில்லை. டெக்னிக்கல் டெட் எப்படிச் சேரும்னு நமக்குச் சொல்லித் தரணுமா?

இதுக்கு நடுவில் வேற பக்கமிருந்து ஒரு ஆபத்து வந்தது. 1935இல் ஓக்மான்ட் மைதானத்தில் யு.எஸ். ஓப்பன். ஜீன் சாராசென் தட்டின பந்து கிரீனை விட்டே உருண்டு ஓடினதை எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற பார்வையாளர் பார்த்தார். கிரீன் எவ்வளவு வேகம்னு அளக்க ஒரு மரச் சட்டம் செய்தார். சட்டத்தில் பந்தை வெச்சு மெல்லச் சாய்ச்சா, உருண்டு எத்தனை அடி போகுதோ அது தான் வேகம். நாப்பது வருஷம் அதை யாரும் பெரிசா கண்டுக்கல. 1976இல் சங்கம் அதை அலுமினியத்தில் மாத்தி அமைச்சது. 1978இல் மைதானப் பொறுப்பாளர்கள் கைக்குக் கொடுத்தது. நோக்கம் நல்லது தான்: ஒரே மைதானத்தின் பதினெட்டு கிரீனும் ஒரே மாதிரி இருக்கணும்.

நடந்தது வேற. எண்ணு கையில் கிடைச்சதும் ஒப்பிட ஆரம்பிச்சாங்க. பக்கத்து கிளப்ல 10 அடியாம், நம்மளுது ஏன் 8? ஒரு டாஷ்போர்டைக் கொடுத்தா அதை எப்படியாவது ஏத்தணும்னு கிளம்புற கூட்டம் எல்லா ஊர்லயும் உண்டு. வேகம் வேணும்னா புல்லை இன்னும் கட்டையா வெட்டணும். 1950களில் கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டர் வரைக்கும் விட்டிருந்த புல்லைப் படிப்படியா பாதி ஆக்கினாங்க. இலை பாதியானா உணவும் குறையும், வேரும் குறையும். ஆனா ஜூலை மாசம் மட்டும் அதே ஜூலை.

தெற்கில் இதன் உச்சத்தைப் பார்க்கணும்னா ஜார்ஜியாவின் அகஸ்டா நேஷனல். 1981இல் அவங்க கிரீன்களை வெப்பத்தைத் தாங்கும் புல்லில் இருந்து பென்டுக்கு மாத்தினாங்க, வேகத்துக்காகத் தான். ஜார்ஜியா வெயிலில் பென்ட்! அவங்களுக்கு ஒரு வசதி, மே மாசக் கடைசியில் மைதானத்தை மூடினா அக்டோபரில் தான் திறப்பாங்க. போதாததுக்கு 1990களில் அங்கே வேலை பார்த்த மார்ஷ் பென்சன் கிரீனுக்கு அடியில் இருக்கிற வடிகால் குழாயோட ஒரு ஊதியை இணைச்சார். ஒரு பக்கம் திருப்பினா தண்ணியை உறிஞ்சும், இன்னொரு பக்கம் திருப்பினா வேருக்குக் காற்று தள்ளும். புல்லுக்கு வென்டிலேட்டர். சப்ஏர் என்ற பெயரில் அது பெரிய தொழிலாகவே ஆச்சு.

அந்த அளவு பணம் இல்லாத சாதாரண கிளப் என்ன செய்யும்? பென்ட் புல்லைக் கடும் கோடையில் பெரிய ஓட்டை போட முடியாது. காயம் ஆறுறதுக்குள்ள செத்துடும். அதனால் வசந்தத்திலும் கோடை முடிவிலும் பெரிய ஓட்டை. நடுவில் ஊசி போல மெல்லிய கம்பியால் சில வாரத்துக்கு ஒரு தடவை குத்தி, காற்று போக வழி விடுவாங்க. 1990இல் டோரோ நிறுவனம் அதிவேகத் தண்ணித் தாரையாலேயே ஓட்டை போடும் இயந்திரம் கொண்டு வந்தது, மேல்தரை கலையாம இருக்கணும்னு. பிரச்சினை என்னன்னா, வசந்தமும் இலையுதிர் தொடக்கமும் தான் விளையாடவும் அருமையான நேரம். போட்டி இருக்கு, தள்ளி வைங்கன்னு உறுப்பினர்கள் சொல்வாங்க. ஒரு வருஷம் தள்ளினா ஒண்ணும் ஆகாது. ரெண்டாம் வருஷமும் தள்ளுவாங்க.

2010 கோடை அந்தக் கடனை எல்லாம் ஒரே நேரத்தில் வசூல் பண்ணிச்சு. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ராத்திரி கூட இறங்காத வெப்பம், பல இடங்களில் மழையும் சேர்ந்து. பென்ட் கிரீன்கள் வரிசையா செத்தது. சில கிளப்கள் கிரீன்களையே மூடின. சங்கம் விளையாட்டுக்காரங்களுக்குத் தனியா அறிவிப்பு வெளியிட வேண்டி வந்தது: வேகத்தை மறந்துட்டுப் புல்லை உயரமா விடுங்க, பொறுப்பாளர்களைத் திட்டாதீங்க என்ற பொருளில். வடிகால் இல்லாத, காற்று வராத, நிழலில் கிடந்த கிரீன்கள் முதலில் போச்சு. இப்படி ஒரு கோடை வந்தா முதல்ல வேலை போறது மைதானப் பொறுப்பாளருக்குத் தான். போட்டியைத் தள்ளி வைக்க மாட்டோம்னு சொன்ன கமிட்டிக்கு ஒண்ணும் ஆகாது.

அப்போ அட்லாண்டாவில் நான் ஜூலையில் பார்த்த ஓட்டைகள்? கடும் கோடையில் போடக் கூடாதுன்னு தானே சொன்னேன்?

அங்கே புல்லே வேற. அந்த மண் துண்டை டிஷ்யூவில் சுத்தி ரூமுக்கு எடுத்துட்டு வந்திருந்தேன். வீடியோ காலில் அம்மா கிட்ட காட்டினேன். கேமரா பக்கத்தில் கொண்டு வரச் சொல்லி, "டேய், இது அருகம்புல் மாதிரி இருக்கு, எங்கடா பிடுங்கின?"ன்னு கேட்டாங்க. நான் சிரிச்சேன். அப்புறம் தேடிப் பார்த்தா, அமெரிக்கா முழுக்க 'பெர்முடா' என்று சொல்ற புல்லின் அறிவியல் பெயர் சைனோடான் டாக்டிலான். நம்ம அருகம்புல்லே தான். பிள்ளையாருக்குச் சாத்துற அதே புல். கிரீனில் இருந்தது அதுவும் ஆப்பிரிக்க உறவுக்காரப் புல்லும் சேர்ந்த கலப்பினம், அதனால் இலை ரொம்பச் சிறுசு.

அந்தக் கலப்பினத்தைச் செய்தவர் ஜார்ஜியாவின் டிஃப்டன் என்ற ஊரில் இருந்த கிளென் பர்ட்டன். தெற்குப் பருத்தி விவசாயிகளுக்குப் பெர்முடா ஜென்ம விரோதி, நம்ம வயலில் அருகு வந்தா திட்டுற மாதிரி தான். பர்ட்டன் அதை மாட்டுக்குத் தீவனமாக்கினார். வட கரோலினாவில் ஒரு கோல்ஃப் கிரீனில் கிடைச்ச பெர்முடாவை ஆப்பிரிக்கப் புல்லோடு சேர்த்து 1956இல் டிஃப்கிரீன் ரகத்தை வெளியிட்டார். இதே மனுஷன் கம்பிலும் வேலை பார்த்தவர். அவர் உருவாக்கின டிஃப்ட் 23ஏ என்ற ஆண்மலட்டு வரிசையைத் தாயாக வெச்சுத்தான் 1965இல் இந்தியாவின் முதல் கலப்பினக் கம்பு ஹெச்.பி.1 வந்தது. நம்ம கம்பங்கூழும் அமெரிக்க கோல்ஃப் கிரீனும் ஒரே ஆளோட நோட்டுப் புத்தகத்தில் இருந்திருக்கு. இந்த எபிசோடுக்காகப் படிச்சதில் நான் எழுந்து நின்ன இடம் இது.

பர்ட்டனின் ரகங்களில் தானாக நிகழ்ந்த மாற்றங்களில் இருந்து 1990களில் இன்னும் குட்டையான ரகங்கள் வந்தது. 2010இல் பென்ட் கிரீன்கள் செத்துக் கிடந்த மறு வருஷம், 2011 ஆகஸ்டில், அட்லாண்டா வெயிலில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் நடந்தது, 'சாம்பியன்' என்ற அந்தக் குட்டைப் பெர்முடா மேல். அந்த வகைப் புல்லில் நடந்த முதல் மேஜர் போட்டி அது.

வெயில் ஏற ஏற அருகம்புல் வேகமா வளரும். அதே வேகத்தில் அந்தக் கருப்புப் பஞ்சையும் சேர்க்கும். அதனால் அதுக்கும் ஓட்டை போடாம தப்ப முடியாது. ஆனா ஜூலை அதுக்கு உச்ச பலம், ரெண்டு மூணு வாரத்தில் காயம் மூடிடும். பென்டுக்கு எந்த மாசத்தில் கை வைக்கக் கூடாதோ, இதுக்கு அந்த மாசத்தில் தான் கை வைக்கணும்.

எங்க டீமுக்கு அன்னைக்குப் பாதிக் கட்டணம் தான் வாங்கினாங்கன்னு பின்னாடி தெரிஞ்சது, ஓட்டை போட்ட வாரத்துத் தள்ளுபடியாம். அதையும் மேனேஜர் கிட்ட சொன்னேன், 4.9 சதவீதக் கணக்கையும் சொன்னேன். அவர் அன்னைக்கு அடிச்சது 118. இன்னைக்கு வரைக்கும் அந்த ஓட்டைகள் தான் காரணம்னு சொல்லிக்கிட்டு இருக்கார்.

அடுத்த வாரம் பார்ப்போம். வீட்டு வாசல்ல அருகம்புல் இருந்தா ஒரு ஃபோட்டோ அனுப்புங்க.